ஒரு வாளி குறை

தண்ணீர் விஷயத்தில் புளியங்கூடல் ஆட்கள் பெரிய கஞ்சர்கள் என்று பட்டணத்தில் கலியாணம் முடித்துப் போன பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். திறந்தவுடன் தண்ணீர் கொட்டுகிற குழாயடியில் நின்று சிரிப்பது சுலபம். எங்கள் குறுகிய ஒழுங்கையில் கிணறு இல்லாத வீட்டு வளவு கிடையாது. குடிக்கக்கூடிய கிணறுதான் கிடையாது. ஆனி பிறந்து சோளகக் காற்று வீசத் தொடங்கினால் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரிக்கும். சவர்க்காரம் நுரைக்காது. அதனால் இங்கே எந்தத் தண்ணீரையும் நிலத்தில் ஊற்றமாட்டோம். முகம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்கு, அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்கு. சும்மா நிலத்தில் ஊற்றுகிற பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும்.

மாட்டுக்கு என்றால், இப்போது ஒரே ஒரு மாட்டுக்கு. முன்பு இராசாத்தியிடம் பட்டி நிறைய மாடு நின்றது. புருஷன் தென்பகுதியில் கடைக்கு நிற்கப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்ட பிறகு, அவளை ஊருக்குள் நிமிர்ந்து நடக்க வைத்தவை அந்த மாடுகள்தான். பிறகு களவு தொடங்கியது. தீவுப் பகுதியில் மாடு வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்: விடியப் பார்த்தால் அறுத்த கயிறு கிடக்கும், பிறகொரு நாள் ஏதாவது பற்றைக்குள் தலையும் தோலும் கிடக்கும். அப்படி ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மிஞ்சியது சிவலை என்று அவள் பெயர் வைத்திருந்த செந்நிறப் பசு. அதை அவள் மேயவே விடுவதில்லை. தன் குசினிக்குப் பக்கத்தில் கட்டி, குழை வெட்டிப் போட்டு, தண்ணீர் காட்டி, கண்ணுக்கு எதிரே வைத்திருந்தாள். சிவலை அப்போது நிறைமாதச் சினை. பால் வற்றிவிட்டது. சந்தித் தேநீர்க் கடைக்காரன் வேறு இடத்தில் பால் எடுக்கத் தொடங்கியிருந்தான். சிவலை கன்று போட்டால்தான் இராசாத்தியின் அடுப்பு மறுபடி ஒழுங்காக எரியும். இது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் ஒழுங்கை முழுவதும் சிவலைக்குக் கழுநீர் சேர்த்தது. இராசாத்தி தன்னுடைய நீல வாளி ஒன்றைப் பக்கத்து வளவில், றொபின்சன் வீட்டுக் குசினிச் சுவரோரம் வைத்திருப்பாள். றொபின்சனின் மனைவி சுமித்திரா காலையில் அரிசி கழுவுகிற நீரை அதற்குள் ஊற்றுவாள். மற்ற வீட்டுக்காரரும் கொண்டுவந்து ஊற்றுவார்கள். உச்சிப் பொழுதுக்கு முன்பு இராசாத்தி படலையைத் தட்டாமல் உள்ளே வந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். பின்னேரம் கழுவித் துடைத்து அதே இடத்தில் கொண்டுவந்து வைப்பாள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. அப்படி ஒரு பழக்கம்.

றொபின்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டாரில் பெரிய பெரிய லொறிகள் ஓட்டியவன். திரும்பி வந்து பழைய லொறி ஒன்றை எடுத்து, முதுகில் தாங்கி பூட்டி, தண்ணீர்ப் பவுசராக்கினான். சாட்டியில் கடற்கரை மணலுக்குள் இருக்கும் கிணறுகளில் மட்டும் கோடையிலும் நல்ல தண்ணீர் ஊறும். அங்கிருந்து கொண்டுவந்து எங்கள் ஒழுங்கைக்கும் சுற்றுப்புறத்துக்கும் கொடுப்பான். நல்லவன்தான். ஆனால் கட்டார்க் கதையைத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். அதிலும் எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலன்றைப் பற்றித் தொடங்கினால் கேட்கிறவன் வேறு வேலை பார்க்கலாம்.

"இஞ்சையுள்ள சனம் றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணியை விட்டுப்போட்டு லொறி சூடேறுது எண்டு அழுகினம். உப்பு இரும்பைத் தின்னாமல் என்ன செய்யும்? நான் கட்டாரிலை பச்சைக் கூலன்றுதான் பாவிச்சனான். இஞ்சையும் அதுதான்."

சொன்னபடியே செய்தான். அவன் லொறியின் வயிற்றில் ஓடியது பச்சைக் கூலன்ற். அது வந்த பிளாஸ்டிக் கானில் மண்டையோடும் எலும்பும் கீறியிருந்தது. அதைப் படலைக்குள் கொண்டுவந்த அன்றே மகள் துசாராவைக் கூப்பிட்டுக் காட்டி, "உதிலை கை வைச்சால் தோலை உரிப்பன்" என்று சொல்லி, கானை உயரத்தில் ஏற்றி வைத்தவன் அவன். கவனமில்லாதவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. கவனமில்லாத ஒருத்தனால் நடந்திருந்தால் ஏசிவிட்டாவது ஆறியிருக்கலாம்.

அன்று காலையில் லொறியின் கீழ்ப்பக்க றப்பர்க் குழாய் வெடித்துக் கசிவதைக் கண்டான். குழாயைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் றேடியேற்றரை வடிக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தான். மேல் மூடியைத் திறந்தான். பெரிய அலுமினியப் பேசினை லொறிக்குக் கீழே தள்ளிவிட்டு, மல்லாக்கப் படுத்து, றேடியேற்றரின் அடியில் இருக்கிற சின்னத் திருகாணியைத் தளர்த்தினான். கூலன்ற் பச்சையாக, நூல் பிடித்ததுபோல் பேசினில் விழுந்தது. பேசின் நிறையும்போது திருகாணியை இறுக்கி நிறுத்திவிட்டு, கானுக்குள் மாற்றி, மறுபடி வடிக்கலாம் என்பது அவன் கணக்கு.

திருகாணி இறுகவில்லை. அவன் வாங்குவதற்கு முன்பு அந்த லொறி எத்தனையோ வருடம் உப்புத் தண்ணீரில் ஓடியது. திருகாணியின் புரி முழுவதையும் உப்புத் தின்றிருந்தது. அது கையோடு கழன்று வந்துவிட்டது. கூலன்ற் இப்போது நூலாக அல்ல, கயிறாகக் கொட்டியது. துவாரத்தைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு படுத்தபடியே கத்தினான்.

"இஞ்சேரும்! ஏதாவது ஏனம் கொண்டு ஓடி வாரும்! கெதியா!"

வேறு ஊரில் என்றால் விரலை எடுத்திருப்பார்கள். கொட்டுவது கொட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் பிறந்த கைக்கு அது வராது. சுமித்திராவும் அதே ஊர்தானே. குசினிக்குள் சோறு உலையில் இருந்தது, துசாராவைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிவர நேரமாகிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டிய ஏனம் நீல வாளி. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"உதுக்குள்ளை இராசாத்தியக்காவின்ரை கழுநீர் கிடக்குதெல்லோ," என்றான் றொபின்சன்.

"அடியிலைதான் கொஞ்சம். பிறகு கழுவிக் குடுப்பம். பிடியுங்கோ."

மிச்சம் முழுவதும் வாளிக்குள் இறங்கியது. கழுநீரோடும் தவிட்டோடும் கலந்து, பச்சை வெளிறி, கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது. எழும்பிப் பார்த்த றொபின்சனுக்கு வெயிலில் வாளி நிற்பது பிடிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் நிழலில் வைத்து, தூசி விழாமல் மூடியும் போட்டான். நிழல் இருந்தது குசினிச் சுவரோரம். அந்த வாளியைத் தூக்கிய கை அந்த வாளியின் இடத்துக்கே அதைக் கொண்டுபோயிருக்கிறது. கானுக்குள் பிறகு மாற்றலாம் என்று, குழாயையும் திருகாணியையும் பையில் போட்டுக்கொண்டு, அதே அளவில் வாங்கிவர மோட்டார் சைக்கிளில் ஊர்காவற்றுறைக்குப் புறப்பட்டான். சுமித்திரா உலையை இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

உச்சிப் பொழுதுக்கு முன்பு இராசாத்தி வந்தாள். வாளி வழக்கமான இடத்தில் நிறைந்து நின்றது. தூக்கிக்கொண்டு போனாள்.

*

பின்னேரம் போல இராசாத்தி வளவில் ஒரே சிரிப்பு. நாங்களும் போய்ப் பார்த்தோம். சிவலை கால்களை அகட்டி வைத்துக்கொண்டு தள்ளாடியது. இரண்டு அடி நடக்கும், பின்னங்கால் மடியும், மறுபடி நிமிரும். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்த பார்வை அசல் கள்ளுத் தவறணையிலிருந்து வெளியே வருகிற ஆளின் பார்வை.

"ஆரோ கள்ளு மண்டியைக் கழுநீருக்குள்ளை ஊத்திப் போட்டினம்," என்று முன்வீட்டுக் கனகசபை சொல்ல, எல்லோருடைய கண்ணும் சூசைப்பிள்ளையில் போய் நின்றது. சூசைப்பிள்ளை எங்கள் ஒழுங்கையின் பெயர்போன குடிகாரர். முன்னாள் கடல்தொழிலாளி. கடலுக்குப் போவதை விட்டார், மற்றதை விடவில்லை.

"என்னை ஏன் பாக்கிறியள்? நான் குடிச்ச போத்திலிலை மிச்சம் இருந்து ஆராவது கண்டனீங்களோ?" என்றார் அவர். மடியிலிருந்து சாராயப் போத்தல் ஒன்றை உருவி உயர்த்திக் காட்டினார். "இந்தா, மூடிகூடத் திறக்கேல்லை. பிள்ளை இராசாத்தி, வேணுமெண்டால் சொல்லு, அவளுக்கு இன்னும் ரெண்டு மிடறு விடுவம். துணைக்கு நானும் இருக்கிறன்."

"போங்கோ அண்ணை அங்காலை! நிறைமாதக்காரியிலை விளையாடுறியள்," என்று இராசாத்தி அவரைத் துரத்தினாள். துரத்தும்போது அவளும் சிரித்தாள். தேசிக்காய் பிழிந்து, மோரில் கலந்து சிவலைக்குப் பருக்கினாள். வெறி இறங்குமாம்.

அந்த நேரம்தான் றொபின்சன் திரும்பி வந்தான். அவன் அளவுக் குழாய் ஊர்காவற்றுறையில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் எடுப்பித்துத் தருவதாகக் கடைக்காரன் சொல்லியிருந்தான். கூலன்றைக் கானுக்குள் மாற்றுவோம் என்று குசினிச் சுவரோரம் போனான். நீல வாளி அங்கேதான் நின்றது. மூடியைத் திறந்தான். வாளி கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது.

"சுமித்திரா, வாளிக்குள்ளை கிடந்தது எங்கை?"

"நான் தொடேல்லை. பள்ளிக்கூடத்தாலை வந்த பிறகு உந்தப் பக்கம் போகவேயில்லை." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். வேலிக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

றொபின்சன் ஓடினான். சொல்லத்தான் ஓடினான், அதில் சந்தேகமில்லை. வேலியடியில் அவனைக் கண்டதும் இராசாத்தி கூப்பிட்டாள்.

"தம்பி, இஞ்சை வந்து பாரும் இவளின்ரை கூத்தை! உம்மட வீட்டுக் கழுநீருக்கு இண்டைக்கு என்ன ருசியோ தெரியாது. ஒரே மூச்சிலை குடிச்சு, வாளியையும் நக்கினவள். நான் சரிச்சுப் பிடிச்சனான், அடிவரைக்கும் நக்கட்டும் எண்டு."

அவன் வாயைத் திறந்தான். இராசாத்தி விடவில்லை.

"கண்டு போட்டவுடனை முதல் கறக்கிற கடும்புப் பால் உம்மட துசாராவுக்குத்தான். சொல்லிப்போட்டன். பிள்ளை இப்பவே கேக்கிறாள்."

சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். காலையில் அவன் பவுசர் வராததால் வெறும் கான்களோடு நின்றவர்களும் அதில் இருந்தார்கள். குடிதண்ணீர் கொண்டு வருகிறவன் வீட்டு வாளியில் நஞ்சு இருந்தது என்று இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்கு அவன் ஊற்றுகிற தண்ணீரை யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்? அந்த நொடியில் அவன் தலைக்குள் ஓடியது இதுதான் என்று பிறகு சுமித்திரா சொன்னாள். இருக்கலாம். எனக்கென்றால், இராசாத்தி அப்படிச் சிரித்திருக்காவிட்டால் அவன் சொல்லியிருப்பான் என்றே படுகிறது.

"வெறி இறங்கினால் சரிவரும் அக்கா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

வீட்டில் சுமித்திரா நெருப்பாக நின்றாள். "சொன்னனீங்களோ?"

"மாடு பெரிய சீவன். உது மூத்திரத்தோடை போயிடும்."

"கானிலை மண்டையோடு கீறிக் கிடக்குது எண்டு பிள்ளைக்குக் காட்டினது நீங்கள்தானே! போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் போறன்."

"பொறும். பொழுதுபடுமட்டும் பாப்பம். சரிவரேல்லையெண்டால் நானே போய்ச் சொல்லுறன்."

இவள் ஏன் பொறுத்தாள் என்று கேட்கலாம். வாளியைத் தூக்கிக் கொடுத்தது அவளுடைய கை. அவளுக்கும் பயம் இருந்தது.

பொழுதுபடச் சரிவந்துவிட்டது. அதுதான் கொடுமை. சிவலை தள்ளாட்டம் நின்று, நான்கு காலிலும் ஊன்றி நின்று, இராசாத்தி நீட்டிய பூவரசங்குழையில் ஒரு வாய் தின்றது. றொபின்சன் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினான். தப்பிவிட்டோம் என்று நினைத்தான். தப்பிவிட்டது என்று கூட இல்லை, தப்பிவிட்டோம் என்று.

*

அடுத்த நாள் சிவலை குழையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டது. மூக்கு காய்ந்தது. காலையிலிருந்து மூத்திரம் பெய்யவில்லை என்று இராசாத்தி வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். கன்று போடுகிற நோவு என்று கனகசபை சொன்னான். வெறியின் களைப்பு என்று சூசைப்பிள்ளை சொன்னார். இம்முறை அவர் சிரிக்கவில்லை. மிருக வைத்தியருக்கு இராசாத்தி போன் எடுத்தாள். அன்று அவர் நெடுந்தீவில். படகு ஏறித் திரும்பிவர இருட்டிவிடும், விடிந்ததும் முதல் வேலையாக வருவதாகச் சொன்னார்.

இராசாத்தியிடம் சாட்டித் தண்ணீர் இரண்டு கான் இருந்தது. பவுசர் கடைசியாக வந்தபோது வாங்கியது. தான் உப்புத் தண்ணீரில் தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு, சிவலை கன்று போட்டவுடன் கொடுக்கவென்று அதை ஒதுக்கி வைத்திருந்தாள். அன்று முழுவதும் அந்தத் தண்ணீரைச் சிரட்டையில் எடுத்துச் சிவலையின் வாயில் விட்டுப் பார்த்தாள். கடைவாயால் வழிந்தது. வழிந்ததையும் கீழே ஒரு சட்டி வைத்துப் பிடித்தாள்.

றொபின்சன் அன்று வேலிப் பக்கமே வரவில்லை. மூடி திறந்தபடி, வயிறு வெறுமையாக நின்ற லொறியின் சில்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுமித்திரா சமைக்கவில்லை.

மறுநாள் விடிய டொக்டர் துஷாந்தினி ஸ்கூட்டியில் வந்தபோது சிவலை படுத்துவிட்டது. டொக்டர் இளம் பிள்ளை, ஆனால் கை நிதானமானது. கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றில் காது வைத்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இராசாத்தியைக் கேட்டார்.

"அம்மா, வழமைக்கு மாறா ஏதாவது குடிச்சதோ, திண்டதோ?"

"கழுநீர்தான் பிள்ளை. எல்லா நாளும் குடிக்கிறதுதான். ஆரோ கள்ளு மண்டியை ஊத்திப்போட்டினம் போல. அண்டைக்கு வெறியிலை தள்ளாடினவள்."

"தள்ளாடினதோ? பிறகு?"

"பிறகு நல்லா வந்திட்டாள். பிறகுதான் உப்பிடி."

டொக்டர் எழும்பினார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். "இஞ்சை பக்கத்திலை ஆரிட்டையாவது வாகனம் இருக்கோ? றேடியேற்றருக்கு விடுற கூலன்ற்?"

யாரும் றொபின்சனைத் திரும்பிப் பார்க்க வேண்டி வரவில்லை. அவன் வேலியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தான்.

"என்ரை லொறியிலை இருந்து வடிச்சது," என்றான். "இராசாத்தியக்காவின்ரை வாளிக்குள்ளை வைச்சனான். அக்கா தெரியாமல் எடுத்துக்கொண்டு போட்டா. எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும்."

டொக்டர்தான் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் களைத்துப்போன குரலில் பேசினார்.

"உது இனிப்பா இருக்கும். அதுதான் மாடு நக்கிக் குடிக்கிறது. முதல் வெறி மாதிரி இருக்கும், பிறகு சுகம் வந்த மாதிரி இருக்கும். அதுக்குள்ளை சிறுநீரகம் ரெண்டும் போயிடும். இனி ஒண்டும் ஏலாது, அம்மா."

"கண்டையெண்டாலும் காப்பாத்தேலாதோ?" என்றாள் இராசாத்தி.

டொக்டர் தலையை ஆட்டினார். "தாயின்ரை ரத்தம்தானே அதுக்கும். துடிப்புக் கேக்கேல்லை."

கனகசபைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அண்டைக்கே தெரிஞ்சிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமோ டொக்டர்?" என்று கேட்டான். சில கேள்விகளைக் கேட்காமல் விட மனிதருக்குத் தெரிய வேண்டும்.

"அண்டைக்குப் பின்னேரமே எனக்குப் போன் எடுத்திருந்தால் சாராயம் பருக்கச் சொல்லியிருப்பன். சாராயம் அந்த நஞ்சை உடம்பிலை வேலை செய்யவிடாமல் மறிக்கும். கட்டாயம் தப்பும் எண்டு சொல்ல ஏலாது. ஆனால் ஒரு வழி இருந்தது."

சூசைப்பிள்ளை அப்படியே நிலத்தில் குந்தினார். மடியைப் பொத்திக்கொண்டு குந்தினார். அன்று அந்தப் போத்தல் சிவலையின் மூஞ்சிக்கு ஒரு முழத்துக்குள் நின்றது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

நோகாமல் போகட்டும் என்று ஊசி போட டொக்டர் கேட்டார். இராசாத்தி முதலில் ஓம் என்று சொல்லவில்லை. சிவலையின் தாடையைத் தன் மடியில் வைத்து, காதுக்குள் ஏதோ சொன்னாள். பிறகு தலையை அசைத்தாள்.

*

எங்கள் நிலத்தில் குழி வெட்டி மாடு தாழ்ப்பது லேசான வேலை இல்லை. இரண்டடி தோண்டினால் கல் வந்துவிடும். அலவாங்கு போட்டு உடைத்து உடைத்துத்தான் இறங்க வேண்டும். றொபின்சன் யாருக்கும் அலவாங்கைக் கொடுக்கவில்லை. உள்ளங்கை கொப்பளித்து உடைந்த பிறகும் கொடுக்கவில்லை. கனகசபையும் நானும் மண்ணை அள்ளினோம். யாரும் அவனோடு கதைக்கவில்லை. ஏசவும் இல்லை. சிவலையை இறக்கும்போது வயிறு பெரிதாக இருந்ததால் குழியை மறுபடி அகட்ட வேண்டியிருந்தது.

தாழ்த்துவிட்டு வந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து குழாய் வந்து றொபின்சன் வீட்டுப் படலையில் தொங்கியது. ஒழுங்கையில் கான்கள் வரிசையாக நின்றன. வைத்தவர்களும் நாங்கள்தான். அவன் தண்ணீரை யார் குடிப்பார்கள் என்று அவன் பயந்தானே, அந்தப் பயம் வீண். வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது? நாக்கு வறண்டதற்காக மனிதர் எதையும் மறக்கமாட்டார்கள், ஆனாலும் கானைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

புண்பட்ட கையோடு குழாயைப் பூட்டினான். புதுத் திருகாணியை மெழுகு நூல் சுற்றி இறுக்கினான். பேசினில் இருந்த கூலன்றைத் துணியில் வடித்து மேல் வாயால் ஊற்றினான். நிறையவில்லை. ஒரு வாளி குறைந்தது. கிணற்றுத் தண்ணீர் விட்டால் உப்பு. அவன் வீட்டுக் குடத்தில் துசாராவுக்குக் குடிக்கக்கூட மிச்சமில்லை. ஒழுங்கையில் எல்லாக் கானும் வெறுமை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு லொறிக்கு முன்னால் நின்றான்.

அப்போது இராசாத்தி வந்தாள். இடுப்பில், சுவரோரத்திலிருந்து எடுத்துப்போன நீல வாளி. தளும்பாமல் மெதுவாக நடந்து வந்தாள். வாளியில் சாட்டித் தண்ணீர்.

"பிடியும் தம்பி. ஊத்தும்."

"வேண்டாம் அக்கா."

"வேண்டாம் எண்டால்? இனி ஆருக்கு வைச்சிருக்கிறது? சனம் காஞ்சு போய் நிக்குது. ஊத்தும்."

அவன் வாளியைத் தொடவில்லை. அவளுடைய காலில் விழப்போனான். அவள் ஓரடி விலகினாள், தண்ணீர் சிந்திவிடும் என்று.

"என்னை ரெண்டு அடி அடியுங்கோ அக்கா. ஏசுங்கோ. ஏதாவது செய்யுங்கோ."

"ஏசுறதுக்கு இனி என்ன கிடக்குது." அவள் குரல் உயரவில்லை. "நீர் அண்டைக்கு வேலியடியிலை வந்து நிண்டனீர். நான் கடும்பைப் பற்றிக் கதைச்சனான். அப்ப சொல்லியிருந்தால் உம்மை நல்லா ஏசியிருப்பன் தம்பி. ஊர் கேக்க ஏசியிருப்பன். ஏசிப்போட்டு டொக்டருக்குப் போன் எடுத்திருப்பன். போத்தில் பக்கத்திலைதானே நிண்டது. நீர் பயந்தது என்ரை ஏச்சுக்குத்தானே?"

வாளியை அவளே தூக்கினாள். றேடியேற்றரின் வாய் அவளுக்கு எட்டவில்லை. கடைசியில் அவன்தான் வாங்கி ஊற்றினான். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. மட்டாக நிறைந்தது.

லொறி ஒரே முறுக்கில் இயங்கியது. கீழே குனிந்து பார்த்தான், கசிவு இல்லை. சாட்டிக்குப் போய், பின்னேரம் தண்ணீரோடு வந்தான். நாங்கள் கான்களை நிரப்பினோம். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இராசாத்தி நீல வாளியைக் கையோடு தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். அன்று பொழுதுபட, சுமித்திரா பழக்கத்தில் கழுநீர்ச் சட்டியோடு குசினிச் சுவரடிக்கு வந்தாள். வாளி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. கழுநீரை நிலத்தில் ஊற்றினாள்.